பலகைத் தரை

கல்பாத்தி, பாலக்காடு
10-6-1957

அக்காவுக்கு சாம்பு அநேக நமஸ்காரம். அத்திம்பேருக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லவும். நான் சௌக்கியம். நீங்கள் மூவரும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எழுதியிருப்பாய்.

எனக்கு ஜோலி கிடைத்துவிட்டது. சந்தோஷப்படாதே. பவர்ஹவுஸ் இல்லை, மில்லும் இல்லை. இங்கே ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் காது கேளாத குழந்தைகளுக்கென்று புதிதாக ஒரு கிளாஸ் திறந்திருக்கிறார்கள். அதில் நான் உதவியாள். பாடம் சொல்ல அன்னாள் டீச்சர் இருக்கிறார். மதராஸில் இதற்கென்றே படித்தவர். மற்றதெல்லாம் நான்.

மற்றதெல்லாம் என்றால் மூக்குத் துடைப்பது, நிஜார் நாடா முடிவது, கக்கூஸுக்குக் கூட்டிப்போவது, ஒன்றையொன்று கடிக்காமல் பிரித்துவிடுவது. கோயமுத்தூரில் மூன்று வருஷம் எலக்ட்ரிகல் டிப்ளமா படித்தது இதற்காக்கும்.

என்னை எடுத்ததற்குக் காரணம் ஒரு மிஷின். டீச்சர் முன்னால் மைக். நடுவில் ஐந்து வால்வு உள்ள பெட்டி. அதிலிருந்து எட்டு வயர், எட்டு ஹெட்போன். ஒவ்வொன்றுக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தனித் திருகு. அடியோடு கேட்காத காது அபூர்வம், எங்கேயாவது மூலையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதைத் தட்டி எழுப்பவேண்டும் என்பது டீச்சர் கட்சி. எட்டு ஹெட்போன் என்பதால் எட்டுக் குழந்தை. இப்போது ஏழு பேர்தான். ஒரு இடம் காலி.

உங்கள் தேவிகுளம் பக்கத்துப் பள்ளிவாசல் பவர்ஹவுஸுக்கு நான் எழுதின மனுவை அத்திம்பேருக்கு அனுப்பி மூன்று மாசம் ஆகிறது. தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாவான தான் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால் மதிப்பு என்று அவரே சொன்னார். என்ன ஆயிற்று? என் பொறுமை அதிக நாள் தாங்காது.

அபயம் இப்போது வாய் ஓயாமல் பேசுவாளே? அம்மா திவசத்துக்கு நீ வந்தபோது அவளுக்கு இரண்டரை வயசு. எல்லோரையும் முழித்து முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் மூன்று வருஷம் நீ ஊர்ப்பக்கமே தலைகாட்டவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சாம்பசிவன்


தேவிகுளம்
24-6-1957

சிரஞ்சீவி சாம்புவுக்கு அக்கா பர்வதம் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நாங்கள் மூவரும் க்ஷேமம். ஹோட்டல் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக்கொள்.

ஜோலியைக் குறைவாகச் சொல்லாதே. யாரோ ஒருவர் செய்யத்தானே வேணும். உன் மனு மேலே போயிருக்கிறது என்று அத்திம்பேர் சொல்லுகிறார். அதற்காக நீ புறப்பட்டு வந்துவிடாதே. இங்கே விடாமல் மழை, பாதையெல்லாம் மண் சரிந்து கிடக்கிறது.

குழந்தை சமர்த்து. ஒரு சத்தம் போடமாட்டாள். நான் எங்கே போனாலும் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள்.

ஒன்று கேட்கணும். ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சாந்தம்மாள் கேட்டாள், அவளுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் யாரோ. சும்மாத்தான். சௌகர்யப்படும்போது எழுதினால் போதும்.

இப்படிக்கு,
பர்வதம்


கல்பாத்தி
5-7-1957

அக்காவுக்கு நமஸ்காரம். உன் கடிதம் வந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டேன், போதுமா?

சாந்தம்மாளிடம் இப்படிச் சொல். குழந்தைக்குப் பின்னால் நின்று கையைத் தட்டவேண்டும். நம் நிழல் அதற்கு முன்னே விழக்கூடாது. கை வீசுகிற காற்று கழுத்தில் படக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம் தரை. பலகைத் தரையில் செய்யவே கூடாது. நம் காலடி பலகை வழியாகக் குழந்தையின் பாதத்துக்குப் போய்ச் சேரும், அது திரும்பும். உடனே பெற்றவர்கள், "கேக்கறதே!" என்று குதிப்பார்கள். கேட்டது காது இல்லை, உள்ளங்கால். ஆகவே கல்லிலோ சிமெண்டிலோ நிறுத்திப் பார்க்கவேண்டும். இங்கே ஏழு பேரில் நாலு பேரை இப்படிக் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

இந்தப் பெற்றவர்களைப் பற்றி எனக்கு மதிப்பே போய்விட்டது. போன திங்கட்கிழமை கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து சுப்பாத்தாள் என்று ஒருத்தி பெண்ணை இழுத்துக்கொண்டு வந்தாள். பெண் பேர் மயிலாத்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, இவளப் பேச வெச்சுருவீங்களா?" என்றாள்.

"என்ன வயசு?"

"ஆடி வந்தா ஒம்போதுங்க."

"ஒம்பது வருஷமா என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டமுங்க. நாக்குல வசம்பு தேச்சமுங்க. வெளிய தெரிஞ்சா மானக்கேடுன்னு எங்கூட்டுக்காரரு ஊட்டுக்குள்ளயே வெச்சிருக்கச் சொன்னாருங்க."

எனக்கு வந்த கோபத்தில், "காது கேக்காதது இந்தக் குட்டிக்கு இல்லை, உங்களுக்குத்தான். மூணு வயசுல கொண்டுவந்திருந்தா ஒரு பிரயோஜனம் உண்டு. இப்ப அழைச்சிண்டு போய் அதே ஊட்டுக்குள்ளயே வச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டேன். அவள் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்னாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "சாம்பசிவன், நீங்க மிஷினைப் பாருங்க. தாய்மாரை நான் பாத்துக்கறேன்" என்றார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் உண்டா என்று கேட்டேன். "பொய் இல்லாததினாலதான் சொல்றேன்" என்றார். இது என்ன பேச்சு?

மனு விஷயம் எழுது.
சாம்பசிவன்


தேவிகுளம்
30-8-1957

சிரஞ்சீவி சாம்புவுக்கு ஆசீர்வாதம். இவ்விடம் மூவரும் க்ஷேமம். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மழையில் தபால் ஒழுங்காக இல்லை.

நீ தரையைப் பற்றி எழுதியிருந்தாய். இங்கே குவார்ட்டர்ஸெல்லாம் பலகைத் தரைதான், குளிருக்காகப் போட்டது. கொல்லையில் துணி தோய்க்கிற கல் ஒன்றுதான் கல். போன வாரம் இரண்டு நாள் வெயில் அடித்தது. குழந்தையை அந்தக் கல்லில் நிறுத்திக் குளிப்பாட்டினேன். வேறு விசேஷம் இல்லை.

அத்திம்பேரின் தங்கை சேஷம்மாளுக்கு வரன் கூடிவந்திருக்கிறது. தை மாசம் கல்யாணம் என்று பேச்சு. மாப்பிள்ளை ஆத்துக்காரர்கள் உங்கள் கல்பாத்திதான், இரண்டு தெரு தள்ளி.

அந்த சுப்பாத்தாளும் பெண்ணும் மறுபடி வந்தார்களா? பாவம், அவளை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவளுக்கு ராத்திரி பகல் அந்த நினைவாகவே இருந்திருக்கும். பெற்றவளுக்கு முதலிலேயே தெரிந்துவிடும், சாம்பு. தெரிந்ததை வாயால் சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம்.

உங்கள் டீச்சர் முதலில் எந்த எழுத்தைக் கற்றுக்கொடுக்கிறார்? எப்படி? விவரமாக எழுது. படிக்கச் சுவாரஸ்யமாக இருக்கிறது.

பர்வதம்


கல்பாத்தி
6-9-1957

அக்காவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம், இடது முழங்கையில் கடிபட்டது தவிர. கடித்தவன் செல்லத்துரை, வயசு ஆறு. என் பேரில் அவனுக்கு அபிமானம் வந்துவிட்டதாம், அதன் அடையாளமாம். டீச்சர் சொல்லுகிறார்.

முதல் எழுத்து ப. விரல் அகலம், சாண் நீளத்துக்கு மெல்லிசுக் காகிதம் கிழித்துக்கொள்ளவேண்டும். நம் வாய்க்கு முன்னே தொங்கவிட்டுப் ப என்றால் காகிதம் ஆடும். குழந்தை அதைப் பார்க்கும். பிறகு அதன் வாய்க்கு முன்னே பிடிக்கவேண்டும். வெறுமனே ஊதினாலும் ஆடும், அது கணக்கில்லை. உதடு ஒட்டிப் பிரியவேண்டும். அடுத்தது ம. அதற்குக் காகிதம் ஆடாது. குழந்தையின் விரலை நம் மூக்குத் தண்டில் வைத்தால் குறுகுறுக்கும். பிறகு அதன் கையை நம் தொண்டையில் வைத்து அம்மா என்று சொல்லிக் காட்டவேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. காகிதம் பிடிக்கிறது என் ஜோலி.

செல்லத்துரை ஐம்பது நாள் எச்சிலைத்தான் துப்பினான். ஒரு நாள் விட்டுப்போகலாம் என்றேன். டீச்சர் விடவில்லை. நேற்று உதடு ஒட்டிற்று, பிரிந்தது, காகிதம் ஆடிற்று. அவன் காகிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான், அப்புறம்தான் கடித்தான். எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. செத்துக்கிடந்த மோட்டார் நான் கை வைத்ததும் சுற்றினபோதுகூட அப்படி இருந்ததில்லை.

சுப்பாத்தாள் வரவில்லை. அவளுக்கு எந்நேரமும் என்ன நினைவு என்று உனக்கு எப்படித் தெரியும்?

பூஜை லீவில் நானே பள்ளிவாசலுக்கு வந்து மனுவைப் பற்றி நேரில் விசாரிக்கப்போகிறேன். நாலு நாள் உங்களோடு தங்குவேன். அபயத்துக்கு என்ன வாங்கிவரட்டும்?

சாம்பசிவன்


தேவிகுளம்
20-9-1957

சிரஞ்சீவி சாம்பசிவனுக்கு துரைசுவாமி ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். ஆபீஸ் வேலை மும்முரத்தில் எனக்கு எழுத அவகாசமில்லை. நீ பர்வதத்துக்கு எழுதினதைப் பார்த்து எழுதவேண்டியதாயிற்று.

பூஜை லீவுக்கு இங்கே வருவது உசிதமல்ல. மாப்பிள்ளை ஆத்துக்காரர்கள் அந்தச் சமயம் சேஷுவை இங்கே வைத்துப் பார்க்க வருவதாக இருக்கிறார்கள். வீடு சிறியது. உன் அபேக்ஷை சம்பந்தமாக நான் வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறேன். மேலதிகாரிகளைத் துரிதப்படுத்தினால் காரியம் கெடும்.

இன்னொன்று. அந்தக் கிளாஸ் வர்த்தமானங்களை உன் அக்காவுக்கு எழுதுவதை நிறுத்திக்கொள். மனசு கலங்கிப்போகிறாள். அபயாம்பாளுக்கு ஒரு குறையும் கிடையாது. நாக்கு சற்றுத் தடிப்பு, எங்கள் பக்கத்தில் பேச்சு நாள் பிடித்துத்தான் வரும். கூப்பிட்டால் திரும்புகிறாள். தினமும் ஐந்தரை மணிக்கு நான் ஆபீஸிலிருந்து வந்து தாழ்வாரத்தில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து வாசலுக்கு ஓடி வருகிறாள். காது கேட்காத குழந்தையா இப்படி ஓடி வரும்?

க்ஷேமத்துக்கு எழுதவும்.
துரைசுவாமி


கல்பாத்தி
27-9-1957

அக்கா,

நான் கேட்காத கேள்விக்கு அத்திம்பேர் பதில் எழுதியிருக்கிறார். அபயத்துக்குக் காது கேட்கிறதா என்று யார் அவரைக் கேட்டது?

நான் ஒரு முட்டாள். வயரில் கரண்ட் வரவில்லையென்றால் எங்கே அறுந்தது என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லுவேன். உன் கடிதத்தில் ஜூன் மாசத்திலிருந்து அறுந்து கிடக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சாந்தம்மாள் கேட்டாளாம்! பலகைத் தரையாம், தோய்க்கிற கல்லாம், குளிப்பாட்டினாளாம், வேறு விசேஷம் இல்லையாம்! அந்தக் கல்லில் நிறுத்திப் பின்னாலிருந்து கையைத் தட்டினாய். அவள் திரும்பவில்லை. அதற்குப் பெயர் விசேஷம் இல்லையா?

சுப்பாத்தாளுக்குப் படிப்பு வாசனை கிடையாது. இப்படி ஒரு கிளாஸ் இருப்பதே அவளுக்குத் தெரியாது. உனக்கு நானே எழுதினேன். நாலு மாசமாக ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாயே, அவளைவிட நீ மோசம்.

இப்போது கேள். ரிஜிஸ்டர் நவம்பர் முப்பதாம் தேதி மூடுகிறது. ஏழு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் முதல் உரிமை. அபயத்துக்கு ஐந்தரை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நினைக்காதே. இருக்கிற ஏழு பேரும் இன்னும் மூன்று வருஷம் நகரமாட்டார்கள். இந்த இடம் போனால் போனதுதான். உடனே அழைத்துக்கொண்டு வா.

பதில் எழுது. க்ஷேமம் என்று மட்டும் எழுதாதே.

சாம்பு


கல்பாத்தி
28-10-1957

அக்காவுக்கு சாம்பு நமஸ்காரம்.

ஒரு மாசம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தினமும் தபால்காரனை வழிமறிக்கிறேன். "ஸாமி, இல்லாத கடுதாசிய நான் எழுதியா தர முடியும்?" என்று நேற்றுச் சண்டைக்கே வந்துவிட்டான்.

அன்றைக்கு எழுதினதை நாலு தடவை மனசுக்குள் படித்துப்பார்த்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் பிரித்தபோது நீ தனியாக இருப்பாய் என்பதை நான் யோசிக்கவில்லை. சுப்பாத்தாளைப் பற்றி ஜூலையில் எழுதினதையும் யோசித்துப் பார்த்தேன். அது வந்த அன்றுதான் நீ என்னிடம் சொல்லுவதாக இருந்தாயோ என்னவோ. அதைப் படித்த பிறகு எப்படிச் சொல்லுவாய்? டீச்சர் சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. மன்னித்துக்கொள் என்று எழுதத் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். இரண்டு வாரம் முன்னால் சுப்பாத்தாள் திரும்பி வந்தாள். காலி இருந்தால் ஒன்பது வயசுப் பெண்ணையும் எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. டீச்சர் எடுக்கிறேன் என்றுவிட்டார். நான் உள்ளே போய் எட்டாவது ஹெட்போனின் வயரைப் பிளக்குக்குள்ளே கழற்றிவிட்டு, ரிப்பேர், சாமான் மதராஸிலிருந்து வரவேண்டும் என்று சொன்னேன். டீச்சர் நம்பினார். மிஷின் விஷயத்தில் என் வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது.

"செரிங்க. நல்லாகற வரைக்கும் வந்து பாத்துட்டுப் போறனுங்க" என்றாள் அவள். இப்போது திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து பள்ளிக்கூட வராந்தாவில் உட்காருகிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறாள். நான் திட்டினதை மறந்துவிட்டாளா, இல்லை, நினைவிருந்தும் எழுந்து நிற்கிறாளா, தெரியவில்லை. மயிலாத்தாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே காகிதம் ஆடுவதைப் பார்க்கிறாள்.

அக்கா, சீக்கிரம் வா. இது என்னால் அதிக நாள் முடியாது.

சாம்பு


தேவிகுளம்
8-11-1957

சிரஞ்சீவி சாம்புவுக்கு அக்கா பர்வதம் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் அனைவரும் க்ஷேமம். சேஷுவின் கல்யாணம் தை பதினெட்டு என்று நிச்சயமாகிவிட்டது. தேர் சமயம் கூட்டத்தில் அலையாதே, வெளியில் கண்டதைச் சாப்பிடாதே.

இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். தொலைத்துவிடாதே.

பர்வதம்


கல்பாத்தி
18-11-1957

அக்காவுக்கு நமஸ்காரம்.

கவரிலிருந்து அது மடியில் விழுந்தது. ஊதுவத்திக் கட்டின் மெல்லிசுக் காகிதம், விரல் அகலம், சாண் நீளம். கீழ்நுனி எச்சில் பட்டுப் பட்டுச் சுருங்கிக் கெட்டியாகிவிட்டிருக்கிறது. ஊதின காகிதம் அப்படி ஆகாது. உதடு ஒட்டிப் பிரிந்தால்தான் அப்படி நனையும். ஐந்து மாசமாகக் காகிதம் பிடிக்கிறவன் சொல்லுகிறேன். நீ தனியாக, அந்தக் குளிரில், யாருக்கும் தெரியாமல் இதைச் செய்திருக்கிறாய். எத்தனை ஆயிரம் தடவை?

அதை டீச்சரிடம் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாதோ என்னவோ. "யாரோட குழந்தை?" என்றார். சொன்னேன். காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்த எட்டாவது ஹெட்போனைக் கொண்டாங்க" என்றார். பிளக்கை அவரே திறந்தார். அறுந்த வயருக்கும் கழற்றின வயருக்கும் வித்தியாசம் மிஷின் தெரியாதவருக்கும் தெரியும்.

"வராத பொண்ணுக்காக வந்த பொண்ணை வெளியே உக்கார வெச்சிருக்கீங்க."

"அவ வருவா."

"எப்போ?"

 உன் கடிதத்தில் க்ஷேமம் இருந்தது, கல்யாணத் தேதி இருந்தது, வருகிறேன் என்று இல்லை. அவளை அழைத்துக்கொண்டு நீ இந்தத் தெருவில் இறங்கினால் மாப்பிள்ளை வீட்டுக்கு அரை மணியில் தெரிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். தை பதினெட்டு வரை அத்திம்பேர் உன்னை விடமாட்டார். ரிஜிஸ்டர் நவம்பரில் மூடிவிடும்.

இன்று திங்கட்கிழமை. சுப்பாத்தாள் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தாள். நான் வயரைப் பற்றவைத்தேன். என் கையாலேயே மயிலாத்தாள் தலையில் ஹெட்போனை மாட்டினேன். அவள் அம்மா என் காலைத் தொட வந்தாள். நான் ஓடி மிஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அபயத்தின் இடம் போய்விட்டது, அக்கா. கொடுத்தது நான்தான். தேர் முடிந்து தெருவெல்லாம் வாழைச்சருகும் குப்பையுமாகக் கிடக்கிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

சாம்பு


தேவிகுளம்
23-11-1957

சாம்பு,

இவ்விடம் க்ஷேமம் இல்லை.

இத்தனை வருஷம் எழுதின க்ஷேமத்தில் பாதி பொய். அவளுக்கு இரண்டு வயசு ஆனபோதே எனக்குத் தெரியும். அம்மா திவசத்தன்று பக்கத்தில் பித்தளைக் குடம் விழுந்து உருண்டது, எல்லோரும் திடுக்கிட்டோம், அவள் மட்டும் பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதனால்தான் அப்புறம் ஊருக்கே வரவில்லை. அவர் காலடிக்கு ஓடுகிறாளே என்று அவரைப்போல நானும் நம்பப் பார்த்தேன். தரையைப் பற்றி நீ எழுதினாய். தோய்க்கிற கல்லில் நிறுத்தினேன். முதலில் கையைத் தட்டினேன். அப்புறம் தட்டைத் தட்டினேன். அப்புறம் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சாந்தம்மாள் ஓடி வந்தாள், குழந்தை திரும்பவில்லை.

உன் மனு மேலே போகவில்லை. அவர் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. போன வாரம் சேஷுவின் ஜாதகத்தைத் தேடும்போது பார்த்தேன். நீ பள்ளிவாசலுக்கு வந்தால் இந்த ஆத்துக்கு வருவாய், வந்தால் குழந்தையைப் பார்ப்பாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் கேட்காமல் செய்தார். தெரிந்த பிறகும் நான் சும்மா இருந்திருப்பேன், உன் திங்கட்கிழமைக் கடிதம் வராவிட்டால்.

அவரிடம் சொல்லிவிட்டேன். "சேஷு கல்யாணம் முறிஞ்சா நீயா பொறுப்பு?" என்றார். "ஆமாம்" என்றேன். "போனா தை முடியற வரைக்கும் இங்கே வராதே" என்றார். அப்புறம் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் கெட்டவர் இல்லை, சாம்பு. குழந்தை போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

புதன்கிழமை உடுமலைப்பேட்டை பஸ்ஸில் புறப்படுகிறோம். இடம் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். படித்தேன். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது சரிதான். ஆனாலும் வருகிறேன். சுப்பாத்தாள் எழுந்துபோன வராந்தா காலியாகத்தானே இருக்கும்? உட்கார எனக்கும் தெரியும்.

பர்வதம்


கல்பாத்தி
1-12-1957

அத்திம்பேருக்கு சாம்பசிவன் நமஸ்காரம். அக்காவும் குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். குழந்தைக்குப் பிரயாணத்தில் இரண்டு தடவை வாந்தி, இப்போது தேவலை. இதற்கு மேல் க்ஷேமம் என்று எழுத எனக்கு வரவில்லை.

வியாழக்கிழமை அக்கா பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்தாள். சொன்னால் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா அந்த வழியாகப் போனார், நின்று பார்த்தார், போனார். அவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அபயம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். உள்ளேயிருந்து மயிலாத்தாள் அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, தன் ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்தது. ஒரு ஹெட்போனில் இரண்டு ரிசீவர். இரண்டுக்கும் போவது ஒரே சத்தம். ஜூனிலிருந்து நான் ஹெட்போனை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, காதை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அந்த அம்மாள் அத்தனை திங்கட்கிழமை வந்து உட்கார்ந்திருக்க வேண்டாம். டிப்ளமா வாங்கினவன் நான்.

அன்று சாயந்தரமே ஹெட்போனின் தலை வளையத்தை அறுத்து இரண்டாக்கினேன். சத்தம் கொஞ்சம் குறையும், அதற்கு ஏதாவது செய்யவேண்டும். சுப்பாத்தாளுக்குச் சொல்லி அனுப்பி, சம்மதமா என்று கேட்டேன். அவளே வெள்ளிக்கிழமை வந்துவிட்டாள். "அதுக்கென்னங்க, ஆளுக்கொரு காது. ரெண்டும் பொட்டப்புள்ளைக, ஒட்டி உக்காந்துக்கட்டும்" என்றாள். டீச்சர் ரிஜிஸ்டரில் ஒன்பதாவது பெயர் எழுதினார். மேலே கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

மாட்டினோம். சத்தத் திருகை ஏழு வரை திருப்பியும் ஒன்றும் இல்லை. கடைசிப் பத்தில் வைத்து டீச்சர் பா என்றார். குழந்தை கண்ணைச் சிமிட்டினாள். நிறுத்தினால் சிமிட்டவில்லை. மறுபடி சொன்னதற்குச் சிமிட்டினாள். சத்தம் உள்ளே போயிற்றா, காதோரம் ரிசீவருக்குள் இருக்கிற தகடு அதிர்ந்ததா, சொல்ல முடியாது. தெரிய ஆறு மாசமாவது ஆகுமாம். பேசுவாள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அக்காவிடமும் அப்படியே சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த காகிதத்தைக் கிழித்தாள்.

என் மனுவைத் தேடி எடுக்க வேண்டாம். பெட்டியிலேயே இருக்கட்டும். அந்தத் தகட்டைச் சரிபண்ண இங்கே வேறு ஆள் இல்லை.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியவேண்டும். வந்த நாளிலிருந்து சாயந்தரம் ஐந்தரை மணி சுமாருக்குக் குழந்தை வாசலுக்கு நேராக வந்து குந்திக்கொள்கிறாள். இரண்டு உள்ளங்கையையும் தரையில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இருட்டின பிறகு அக்கா தூக்கிக்கொண்டு போகிறாள். இந்த வீடு சிமெண்ட் தரை. யார் வந்தாலும் அவளுக்குத் தெரியாது.

நீங்கள் வரும்போது பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னால் வந்து நில்லுங்கள்.

சாம்பசிவன்